200 டாலர் பிஸ்டலும் பச்சை பூத்த தோட்டாவும்

போன புதன்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகன் ஒஹாயோவிலிருந்து போன் செய்தான். அங்கே அவனுக்கு மத்தியானம். கொலம்பஸ் நகரத்தில் ஒரு நண்பனோடு சேர்ந்து நம்மூர் மளிகைக்கடை வைத்திருக்கிறான். தோசை மாவு, முருங்கைக்கீரை, சேலத்து ஜவ்வரிசிகூடக் கிடைக்கும். போன மாசம் கடை சாத்துகிற நேரத்தில் ஒருவன் உள்ளே வந்து, கல்லாவிலிருந்த பணத்தை வாரிக்கொண்டு, கூட நின்ற பையனைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இவனுக்குச் சரியான தூக்கம் இல்லை.

"மாமா, ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். 200 டாலருக்குள்ள ஒண்ணு கிடைக்குது. பேர் போன கம்பெனின்னா 500, 600ன்னு போகுது. சீப்பானதை நம்பலாமா? நீங்க சொன்னா வாங்கறேன்."

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் 24 வருடம் ராணுவத்தில், இயந்திரங்களையும் ஆயுதங்களையும் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரர். செகந்திராபாத்தில் பயிற்சி முடித்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை துப்பாக்கியைக் கழற்றுவதும், தேய்ந்த பாகத்தை மாற்றுவதும், திரும்பப் பூட்டி, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய் ஓடவிட்டுப் பார்ப்பதும்தான் வேலை. இப்போது ஏற்காட்டில் மஞ்சக்குட்டை பக்கம் நாலு ஏக்கரில் காபியும் மிளகும். கையில் துப்பாக்கி எண்ணெய் வாசம் போய் காபித்தோல் வாசம் வந்து பத்து வருடம் ஆகிறது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த நாள் பழம் பறிக்கும்போதெல்லாம் அதே யோசனைதான். இதே கேள்வியை வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற இன்னும் இரண்டு பேர் முன்பே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

விலையைப் பற்றிப் பேசும் முன்னால் அவனிடம் நான் கேட்டது, "உன்கிட்ட கிரீன் கார்டு வந்துடுச்சா?" என்பதுதான். வந்துவிட்டது என்றான். அப்படியானால் சரி. எச்-1பி மாதிரியான தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. நம் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அங்கே கடையில் தொங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரன் இடுப்பில் வைத்திருக்கிறான், நாமும் வாங்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். துப்பாக்கி ஓடுமா ஓடாதா என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

இப்போது அவன் கேட்டதற்கு வருகிறேன்.

துப்பாக்கியை நம்பலாமா என்றால் என்ன அர்த்தம்? ட்ரிகரை அழுத்தினால் வெடிக்க வேண்டும், அடுத்த தடவையும் வெடிக்க வேண்டும், அழுத்தாதபோது எந்தக் காரணம் கொண்டும் வெடிக்கக் கூடாது. இந்த மூன்றுதான். முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு அதில்தான் பயம் அதிகம். அவன் வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை இருக்கிறது.

ராணுவத்தில் துப்பாக்கி நடுவில் நின்றுபோவதை 'ரோக்' என்பார்கள். அது நின்றதும் யோசிக்காமல் கை தானாகச் செய்ய வேண்டியது 'ஃபௌரி இலாஜ்'. தோட்டா அடுக்கிய மேகசினை அடியில் தட்டு, பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடை இழுத்து விடு, மறுபடி குறி பார். புதிதாக வரும் பையன்கள் இதை ஆயிரம் தடவை செய்த பிறகும், உண்மையிலேயே ரேஞ்சில் நின்றுபோனால் ஒரு கணம் துப்பாக்கியை முறைத்துப் பார்ப்பார்கள். நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். பயிற்சி எடுத்த சிப்பாய்க்கே அந்த ஒரு கணம் போகிறது என்றால், மாவுப் பாக்கெட்டுக்கும் மசாலாவுக்கும் நடுவில் நிற்கிற என் மருமகனுக்கு எவ்வளவு போகும்?

கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு துப்பாக்கி நூறு தோட்டாவுக்கு ஒன்று அடைபடுகிறது என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நூற்றுக்கு 99 மார்க். ஆனால் எட்டுத் தோட்டா மேகசின் தடையில்லாமல் முழுதாக ஓடுகிற வாய்ப்பு 92 சதவீதம்தான். பதின்மூன்று மேகசினில் ஒன்று நடுவில் நின்றுவிடும். ஐம்பதுக்கு ஒன்று அடைபடும் துப்பாக்கி என்றால் ஏழு மேகசினில் ஒன்று நிற்கும். விலை மலிவான துப்பாக்கியைப் பற்றி, "எப்பவாவது ஒண்ணு ரெண்டு ஜாம் ஆகும், மத்தபடி அருமை" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

சரி, மலிவான துப்பாக்கி ஏன் மலிவாக இருக்கிறது? பெரும்பாலும் உலோகம்தான் காரணம். அமெரிக்காவில் 1968ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது சின்ன, மலிவான கைத்துப்பாக்கிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது நின்றது. அந்த இடத்தைப் பிடிக்க லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சின்னக் கம்பெனிகள் கிளம்பின. ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ, லார்சின் என்று பெயர்கள். இரும்பைக் கடைந்து செய்வதற்குப் பதிலாக துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தார்கள். சைக்கிள் பூட்டின் உடம்பும் பொம்மைக் காரும் அதே மாதிரிக் கலவையில்தான் வருகின்றன. 380 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். எஃகு உருக 1,400க்கு மேல் வேண்டும். இல்லினாய் மாதிரி சில மாநிலங்கள் உருகுநிலையையே அளவுகோலாக வைத்து, 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கியை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டன.

இதில் ஒரு வழக்கை அவனுக்கு விவரமாகச் சொன்னேன். 1994ல் கலிபோர்னியாவில், வீட்டுக்குத் தெரிந்த ஒரு இளைஞர் பிரைகோ கம்பெனியின் மாடல் 38 பிஸ்டலிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்க முயன்றார். அந்த வடிவமைப்பில், சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) போட்டிருந்தால் ஸ்லைடை இழுக்க முடியாது. தோட்டாவை எடுக்க வேண்டுமென்றால் சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும். விடுவித்தார், வெடித்தது. ஏழு வயதுப் பையன் கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனான். 2003ல் ஜூரி கம்பெனியையும் பொறுப்பாளி ஆக்கியது, கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு, கம்பெனி திவால். ஒரு ஆர்மரராக இதை முதல் தடவை படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. காலி செய்கிற நேரத்தில்தான் மனிதன் கவனம் குறைவாக இருப்பான். அந்த நேரத்தில் சேஃப்டியை விடுவிக்கச் சொல்லும் துப்பாக்கியை எவன் வரைந்தான்?

ஆனால் மலிவானது எல்லாமே இந்த ரகம் என்று சொல்லிவிட முடியாது. இப்போது அவனுக்குப் பக்கத்திலேயே, ஒஹாயோவின் மேன்ஸ்ஃபீல்டில், ஹை-பாயின்ட் என்ற கம்பெனி இருக்கிறது. அவர்களும் துத்தநாகக் கலவை ஸ்லைடுதான். பாரலை, அதாவது குழாயை, ஸ்லைடோடு பூட்டி வைக்கும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்க வேண்டும். அதனால் ஸ்லைடைப் பாறாங்கல் மாதிரி கனமாகச் செய்கிறார்கள். காலித் துப்பாக்கியே ஏறக்குறைய 800 கிராம். பேர் போன கிளாக் 19 பிஸ்டல் சுமார் 600 கிராம்தான். தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னே, வெடித்த பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, வெளியே தள்ளும் வேலையையும் செய்கிறது. ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை கொடுத்துச் செலவைக் குறைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்காது, இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கவும் ஆகாது. ஆனால் ஆயுள் முழுக்க வாரண்டி தருகிறார்கள், எத்தனையாவது கையில் இருந்தாலும் சரி செய்து அனுப்புகிறார்கள். அந்த விலைக்கு அது நேர்மையான பொருள் என்றே என் தொழில் கண் சொல்கிறது.

விலை அதிகமானது தப்பே செய்யாதா? சிக் சாவர் பி320ஐ அமெரிக்க ராணுவமே 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்தது. அதே வருடம் ஆகஸ்டில், அந்த பிஸ்டலின் பொதுமக்கள் ரகம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்று வெளியே வந்து, கம்பெனி இலவசமாக ட்ரிகர் பாகங்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று. விலைச்சீட்டைப் பார்த்து நம்புகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இங்கே, நம் மலையில், நான் கையால் தொட்டுப் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது வயதை நெருங்குகிறார். பங்களாவில் அவரும் வீட்டம்மாவும் மட்டும்தான். முப்பது வருடமாக லைசென்ஸோடு .32 ரிவால்வர் வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு மூட்டை திருட்டுப் போனபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏப்பா, நீ பட்டாளத்துல இதே வேலைதானே பார்த்தே? இது ஓடுமான்னு பாத்துச் சொல்லு."

பழுது பார்க்க எனக்கு உரிமம் இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு தோல் பையை எடுத்தார். பையின் பட்டனைத் திறந்ததும் ஈரத் தோலின் மக்கு வாசம் முகத்தில் அடித்தது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி தொடங்கி தை வரை மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். உப்பு டப்பாவே கட்டியாகிவிடும். அந்த ஈரத்தை எல்லாம் அந்தத் தோல் பை வருடக்கணக்காகக் குடித்திருக்கிறது.

சிலிண்டரைச் சாய்த்து ஆறு தோட்டாவையும் உள்ளங்கையில் கொட்டினேன். பித்தளைக் கேஸ்களின் விளிம்பில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. சாமி வீட்டில் விளக்காத குத்துவிளக்கில் பூக்குமே, அதே பச்சை. ஒரு தோட்டாவை விரல் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. பையில் தோட்டாவுக்கென்று தைத்திருந்த மடிப்பில் இன்னும் ஆறு, அவையும் அப்படித்தான். தோலைப் பதப்படுத்தும் பொருள்களுக்கும் பித்தளைக்கும் ஆகாது. அதனால்தான் ராணுவத்தில் தோல் உறையில் ஆயுதத்தை வைத்துப் பூட்டிவிட்டுப் போக விடமாட்டோம்.

ரிவால்வரின் உடம்பில் ஆங்காங்கே துரு இருந்தது, ஆனால் ஆழமாகப் போகவில்லை. காலி சிலிண்டரில் ட்ரிகரை இழுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு அறையும் பாரலுக்கு நேராக வந்து நின்றது. இருந்தாலும் சுட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றேன். அடுத்த வாரம் ரைஃபிள் கிளப் ரேஞ்சுக்கு அனுமதி வாங்கி, அவரே சுட்டார், நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

பன்னிரண்டு பழைய தோட்டா. முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதுக்கு 'டிக்' என்று மட்டும் ஒரு சத்தம். பெரியவர் துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கப் போனார். "ஐயா, அசையாதீங்க, குழாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும்" என்று கத்தினேன். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். முப்பது வினாடி எண்ணினேன். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. முப்பது வினாடி எவ்வளவு நீளம் என்று அப்படி நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். வெடிக்கவில்லை. மொத்தம் பன்னிரண்டில் நான்கு வெடிக்கவே இல்லை.

அந்த நான்கையும் வெளிச்சத்தில் வைத்து, நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் லென்ஸால் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் ஃபயரிங் பின் விட்ட குழி நாலிலும் ஆழமாக, வட்டமாக, நட்ட நடுவில் இருந்தது. துப்பாக்கியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் குழி மேலோட்டமாக இருக்கும். இங்கே துப்பாக்கி தன் வேலையை முழுதாகச் செய்திருக்கிறது, தோட்டா உள்ளே செத்துக் கிடந்திருக்கிறது. சேலத்தில் ஒரு கடையில் புதுத் தோட்டா வாங்கி இருபத்தைந்து சுட்டார். இருபத்தைந்தும் வெடித்தன.

முப்பது வருடமாக அந்த மனிதர் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பித் தூங்கிய துப்பாக்கி, தேவைப்பட்ட ராத்திரியில் மூன்றில் ஒரு தடவை 'டிக்' என்று மட்டும் சொல்லியிருக்கும். எத்தனை விலை உயர்ந்த துப்பாக்கியாக இருந்தாலும் அந்தப் பீரோவில், அந்தப் பையில், அந்தத் தோட்டாவோடு அதே கதைதான்.

இந்த நாட்டில் விலையை வைத்துத் தரம் பேசவே முடியாது. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது பல பத்தாண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் இங்கிலாந்தின் பழைய வெப்லி ரிவால்வர் ஒன்று, அதன் பிறந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காததுகூட, இங்கே லட்சங்களில் கை மாறும். அமெரிக்காவில் எல்லாரும் வாங்கும் 9 மி.மீ. தோட்டாத் துப்பாக்கி இங்கே தடை செய்யப்பட்ட ரகம். 2014ல் கான்பூரில் 'நிர்பீக்' என்று பெண்களுக்காக 500 கிராம் எடையில் ஒரு .32 ரிவால்வரை வெளியிட்டார்கள். விலை 1,22,360 ரூபாய். அதை எந்தப் பெண் வாங்குவாள் என்று அப்போதே கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். எங்கள் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வரும் பெண்கள் ஒருவருக்கும் அந்தப் பணம் ஒரு வருடத்தில்கூட மிஞ்சாது.

அதற்கு மேல், லைசென்ஸ் வாங்க மனு, போலீஸ் விசாரணை, 2016 ஆயுத விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழ், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு. தோட்டாவை எண்ணித்தான் தருவார்கள். இந்த எண்ணிக்கைதான் என்னை மிகவும் வருத்துகிறது. எண்ணித் தருவதால் மனிதர்கள் அதைச் சுட்டுப் பார்ப்பதில்லை. பொக்கிஷம் மாதிரி பையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பச்சை பூத்துவிடுகிறது.

இங்கே உண்மையில் மலிவான துப்பாக்கி என்றால் அது நாட்டுத் துப்பாக்கிதான். சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் அது புதிய விஷயம் இல்லை. கருமருந்தும் பால்ரஸும் அடைத்து, காட்டுப்பன்றிக்கு என்று சொல்லி வைத்திருப்பார்கள். போலீஸ் அவ்வப்போது, "தானா ஒப்படைச்சா கேஸ் இல்லை" என்று அறிவிப்பார்கள், சில பேர் ராத்திரியோடு கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம் சிறை.

நான் எட்டாவது படிக்கும்போது என்னோடு படித்தவனின் அப்பா, தோட்டத்தில் பன்றி இறங்கிய ராத்திரி அப்படி ஒன்றை எடுத்துச் சுட்டார். குழாய் பின்பக்கமாகப் பிளந்துகொண்டது. இடது கையில் இரண்டு விரல் போனது, ஒரு கண்ணில் பார்வை போனது. காலையில் அவரைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் ரோட்டுக்கு ஓடியதை நான் பார்த்தேன். போர்வையில் இருந்து சொட்டியது எங்கள் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் இருந்தது. பிற்பாடு ஆர்மரர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தபோது, "ஏன் இந்த டிரேடு பிடிக்கும்?" என்று கேட்டார்கள். இந்தி சரியாக வராத நேரம். குழாய் வெடிக்கக் கூடாது சார் என்று மட்டும் சொன்னேன்.

அதனால் மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி மறுபடி கூப்பிட்டான், முக்கால் மணி நேரம் பேசினோம். அக்காவும் சேலம் அம்மாப்பேட்டை வீட்டிலிருந்து லைனில் வந்தாள்.

"200 டாலரை மட்டும் பட்ஜெட்டா வைக்காதே. ஒண்ணை வாங்கி, 200 பயிற்சித் தோட்டா சுடு. அது அறுபது டாலர் வாக்கில் ஆகும். அப்புறம் கடையில் எந்தத் தோட்டாவைப் போட்டு வைக்கப் போறியோ அதில் ஐம்பது சுடு. அது ஒவ்வொண்ணும் ஒரு டாலர் பக்கம் வரும். நடுவுல நின்னா, எந்த மேகசின், எத்தனாவது தோட்டா, எப்படி நின்னுச்சுன்னு நோட்டுல எழுது. ரெண்டு மேகசின் வாங்கு, மார்க்கர் பேனாவால 1, 2ன்னு நம்பர் போடு."

எங்கள் வொர்க்‌ஷாப்பில் மேகசினுக்கு நம்பர் குத்தாமல் எதையும் வெளியே விட்டதில்லை. பத்தில் ஆறு பழுது மேகசினின் வாய் ஒரு மயிரளவு விரிந்ததாலோ வளைந்ததாலோதான். துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள், மேகசினை மாற்றிக் கொடுத்தால் சிரித்துக்கொண்டு போவார்கள்.

அவன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "200 சுட்டு ஒண்ணுகூட நிக்கலைன்னா முழுசா நம்பலாமா மாமா?" முடியாது. 200ல் ஒன்றுகூட அடைபடவில்லை என்றால், 3ஐ 200ஆல் வகுத்தால் வரும் 1.5 சதவீதத்துக்குக் கீழேதான் அதன் பழுது இருக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அவ்வளவுதான். அந்த உறுதியைக் கூட்ட வேண்டுமென்றால் இன்னும் சுட வேண்டும். ஒவ்வொரு மாசமும் ஐம்பது சுட்டுக்கொண்டே இருந்தால் கையும் பழகும், எண்ணிக்கையும் கூடும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலே நல்ல பிஸ்டலும் அடைபடும், அதுவும் பழகப் பழகத்தான் போகும்.

300 டாலருக்குள் பணம் புரட்ட முடிந்தால் இன்னொரு வழியும் சொன்னேன். 2014ல் எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீ. பக்கம் சாய்ந்த பிறகு, அமெரிக்காவில் பல போலீஸ் துறைகள் தங்கள் .40 (அதைவிடப் பெரிய தோட்டா) துப்பாக்கிகளைக் கழித்துக் கட்டின. கிளாக், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எல்லாம் அப்படிப் பழசாகக் கடைக்கு வரும். உறையில் உரசி வெளியே தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் ஓடியிருக்காது. போலீஸ்காரர் வருடத்துக்குச் சில தடவைதான் சுடுவார். ஆர்மரர் கையில் பராமரித்த பழைய துப்பாக்கியை, யாரும் சுடாத புது மலிவுத் துப்பாக்கிக்கு மேலாக நான் எப்போதும் எடுப்பேன். ஆனால் அவன் புதன்கிழமை போன் வைத்த மறுநாளே, வியாழக்கிழமையே, ஒன்றை வாங்கிவிட்டிருந்தான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

அக்கா அதுவரை பேசவில்லை. அப்புறம் கேட்டாள்.

"ஏன் கண்ணு, அவன் கேட்டது பணந்தானே? குடுத்துட்டா போயிடறான். அதுக்கு எதுக்கு இது?"

எனக்கும் அதே அபிப்பிராயம்தான். கல்லாப் பணத்துக்காகத் துப்பாக்கியைத் தொடாதே என்று அவனிடம் அழுத்திச் சொன்னேன். பணத்தைக் கொடு, கையைத் தெரியும்படி வை, போகட்டும். உயிர் போகும் நிலை, வேறு வழியே இல்லை என்கிற நேரத்துக்குத்தான் அது. நம் நாட்டுச் சட்டமும் தற்காப்பைப் பற்றி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில், காப்பதற்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யாதே என்கிறது. வீட்டில் குழந்தை இருப்பதால் பூட்டுப் பெட்டி வாங்கிய பிறகுதான் அது வீட்டுக்குள் வர வேண்டும் என்றேன். பெட்டி நாற்பது டாலர் என்றான். துப்பாக்கிக்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டிய பொருள் என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன். அன்று சாயந்திரமே வாங்கிப் படம் அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போய்விட்டு நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அவன் அம்மா கையெழுத்து மாதிரியே உருண்டையாக, தமிழில் எழுதியிருக்கிறான். 200ல் நாலு தடவை நின்றிருக்கிறது. 31, 58, 117 மூன்றும் இரண்டாம் நம்பர் மேகசின், தோட்டா மேலே ஏறாமல் மூக்கைக் குத்தி நின்றது. 189 முதல் மேகசினில், வெடித்த கேஸ் வெளியே விழாமல் சிம்னி மாதிரி நிமிர்ந்து மாட்டிக்கொண்டது. பக்கத்தில், 'கை வலி' என்று எழுதியிருக்கிறான். நேர்மையான நோட்டு. எனக்குக் கீழே வேலை செய்த பையன்களில் பாதிப் பேர் அந்த 'கை வலி'யை எழுதியிருக்கமாட்டார்கள்.

இரண்டாம் மேகசினைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கு, பழைய 200ஐ மறந்துவிடு, பூஜ்யத்திலிருந்து எண்ணு, அதுவரைக்கும் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், கடைக்குப் போகக் கூடாது என்று பதில் போட்டேன். சரி மாமா என்றான்.

நாகலூர் பெரியவர் தன் ரிவால்வரை ஆயுத வியாபாரியிடம் பாதுகாப்பு ஒப்படைப்பில் வைத்துவிட்டார். பங்களாவுக்கு இரண்டு நாயும், வாசலில் பெரிய விளக்கும், இரும்புக் கதவும் போட்டிருக்கிறார். பச்சை பூத்த தோட்டாக் கேஸ் ஒன்றை மட்டும், சுட்டுத் தீர்ந்த காலிக் கேஸ், என் மேஜையில் வைத்திருக்கிறேன். அந்தக் களிம்பைத் துடைக்கவில்லை.

மருமகனுக்கு அடுத்த ரேஞ்சு வரும் சனிக்கிழமை. எங்களுக்கும் அன்றைக்குத்தான் கீழ்க்காட்டில் இரண்டாம் பறிப்பு, அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. எண்ணிக்கையை வாட்ஸ்அப்பில் போட்டு வை, ரோட்டுக்கு ஏறியதும் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.